ஊர் வெள்ளத்தைப் பிள்ளைகள் கற்கும் வழி
இயற்கைப் பேரிடர் பற்றிய நான்கு குழுப்பணிகள்

மழை வருமா, வராதா என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளியைப் போல உன்னிப்பாகக் கவனிப்பவர் மிகச் சிலரே. விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டி முடித்தபின் மழை பிடித்துக்கொண்டால், கோப்பையில் இருக்கும் பால் நீரோடு வழிந்துவிடும். அன்றைய உழைப்பும் அதனோடு போய்விடும். எந்த மேட்டில் நீர் விரைந்து இறங்கும், எந்தப் பள்ளத்தில் மூன்று நாள் தேங்கும், எந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்பனவெல்லாம் தோட்டத்தில் நெடுநாள் உழைத்தவர்களுக்கு நன்கு தெரிந்தவை.

அதே வீட்டிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, பருவக்காற்று, ஆற்று வடிநிலம், நிலச்சரிவு ஆகிய சொற்களைத் தேர்வுக்காகப் பாடம் செய்கிறது. தந்தைக்குத் தெரிந்த பள்ளம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் இல்லை. பிள்ளை படித்த பாடம் தந்தையின் காதில் விழுவதில்லை. இவ்விரு அறிவும் ஒன்று சேர்ந்தால், ஆபத்து நேரத்தில் ஒரு குடும்பமே தப்ப வழியுண்டு. அவ்வாறு சேர்ப்பதற்குரிய எளிய முறை ஒன்றை இங்கே காண்போம். அதன் பெயர் குழுப்பணி. பிள்ளைகள் நால்வரோ ஐவரோ சேர்ந்து, தாங்கள் வாழும் இடத்தையே பாடமாக எடுத்துக்கொண்டு, நடந்தும் அளந்தும் கேட்டும் கற்பதே அம்முறை.

பாடம் உயிரைக் காத்த இரு நிகழ்ச்சிகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நம் நாட்டு நேரப்படி அப்போது காலை 9 மணி ஆகவில்லை. அதனால் எழுந்த ஆழிப்பேரலை பிற்பகல் 1 மணிக்குப் பிறகே பினாங்குக் கரையை அடைந்தது. இடையில் நான்கு மணி நேரம் இருந்தும் கரையில் இருந்தோருக்கு ஆபத்து தெரியவில்லை. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள்.

அதே நாளில் தாய்லாந்தின் பூக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில், தில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தாள். கடல் வழக்கத்திற்கு மாறாக நுரைத்துப் பொங்குவதை அவள் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஆழிப்பேரலையின் அறிகுறிகளை அவளுடைய புவியியல் ஆசிரியர் வகுப்பில் கற்பித்திருந்தார். அவள் விடாப்பிடியாக எச்சரித்ததன் பயனாகக் கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் உயரமான இடத்திற்குச் சென்றனர். அந்தக் கரையில் ஒருவரும் இறக்கவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. கமாயிஷி என்பது கடலோர நகரம். குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தொஷித்தாகா கத்தாடா என்பவர் அந்நகரப் பள்ளிகளில் சில ஆண்டுகள் பேரிடர்க் கல்வியைப் புகுத்திவந்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியைத் தாங்களே வரைபடமாக வரைந்து, அலை வந்தால் எந்த இடத்திலிருந்து எந்த மேட்டுக்கு ஓடுவது என்று குறித்தனர். அச்சிட்ட வரைபடத்தை முழுதும் நம்பி இருந்துவிடாதீர்கள்; அந்த நேரத்தில் இயன்ற அனைத்தையும் செய்யுங்கள்; பிறருக்காகக் காத்திராமல் நீங்களே முதலில் புறப்படுங்கள் என்னும் மூன்று விதிகளையும் அவர்கள் கற்றனர்.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அங்கே பேரலை எழுந்தது. உனோசுமாய் வட்டாரத்தின் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் உடனே ஓடத் தொடங்கினர். அவர்களைக் கண்டு பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் உடன் வந்தனர். முன்பே குறித்து வைத்திருந்த புகலிடத்தை அடைந்தபின், அதன் பின்புறத்துச் சரிவு இடிந்திருப்பதைக் கண்டு, இன்னும் உயரத்திற்கு ஏறினர். சற்று நேரத்தில் முதலில் நின்ற இடத்தையும் நீர் எட்டியது. அச்சிட்ட வரைபடத்திலோ அவ்விரு பள்ளிகளும் ஆபத்து எல்லைக்கு வெளியே இருந்தன! அந்நகரில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போயினர். ஆயினும் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பிள்ளைகளைக் காத்தது, அறிகுறியைக் கண்டதும் செயற்படும் பழக்கம். நூலைப் படிப்பதோடு நின்றுவிட்டால் அப்பழக்கம் வாராது. கால் நடந்த வழியையும் கை வரைந்த படத்தையும் மனம் எளிதில் மறப்பதில்லை.

நமக்கு ஏற்ற பாடம் எது?

ஜப்பானியப் பிள்ளை பேரலையைக் கற்கிறது. நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டுவது வெள்ளமும் நிலச்சரிவும் ஆகும். பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் மாநிலங்களுக்குக் கனமழையைக் கொண்டுவருகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் 200,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. குவாலா கிராய் வட்டாரம் பெரும் சேதமுற்றது.

மேற்குக் கரையில் இருப்பவர்களும் கவலையின்றி இருந்துவிட முடியாது. 1971ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூரே வெள்ளத்தில் மூழ்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் விடாது பெய்த மழையால் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் மாடியிலும் கூரையிலும் ஏறி மீட்புப் படகுகளுக்காகக் காத்திருந்தனர். மறு ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலி அருகே முகாம் ஒன்றின்மீது மலைச்சரிவு இடிந்து விழுந்து 31 பேர் மாண்டனர். ஆகவே கீழ்க்காணும் நான்கு குழுப்பணிகளும் எந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

முதற்பணி: நடந்து வரையும் வரைபடம்

ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. ஒருவர் தலைவர், ஒருவர் அளப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் வரைபவர், ஐந்தாமவர் ஊராரிடம் கேள்வி கேட்பவர். வாரந்தோறும் இப்பொறுப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நன்றாக வரையும் பிள்ளை வரைந்துகொண்டே இருக்கும். மற்றவை வேடிக்கை பார்க்கும்.

மழையில்லாத ஒரு நாளில், பெரியவர் ஒருவர் துணையுடன், குடியிருப்பிலிருந்து பள்ளிவரை குழுவினர் நடந்து செல்ல வேண்டும். வழியில் உள்ள ஆறு, கால்வாய், பாலம், மதகு, பள்ளம், வெட்டப்பட்ட மண்சரிவு, மின்கம்பம் ஆகியவற்றைத் தாளில் குறிக்க வேண்டும். தூரத்தைக் காலடிகளால் எண்ணலாம். நீர் தேங்கும் இடத்திற்கு நீலம், மண் சரியக்கூடிய இடத்திற்குப் பழுப்பு, பாதுகாப்பான மேட்டிற்குப் பச்சை எனத் தீட்டுதல் நலம். இறுதியில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மேட்டுக்குச் செல்லும் வழியை அம்புக்குறியால் காட்ட வேண்டும். ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று வேண்டுமாதலால் இரண்டு வழிகள் தேவை.

வரைபடம் முடிந்ததும் அதை வகுப்பறைச் சுவரில் மட்டும் ஒட்டிவிடலாகாது. கோவில் மண்டபத்திலோ கடையிலோ ஒரு படி தொங்க வேண்டும். ஊரார் பார்த்துத் திருத்தம் சொல்லுவார்கள். அத்திருத்தங்களே இப்பணியின் சிறந்த பகுதியாகும்.

இரண்டாம் பணி: முதியோர் நினைவு ஏடு

கிளந்தானில் 1926ஆம் ஆண்டு வந்த பெருவெள்ளத்தை மலாய் மக்கள் 'பா மேரா', அதாவது சிவப்பு வெள்ளம் என்றனர். 2014ஆம் ஆண்டு வெள்ளத்திற்கு 'பா கூனிங்', மஞ்சள் வெள்ளம் என்று பெயரிட்டனர். நீரோடு வந்த மண்ணின் நிறமே பெயராயிற்று. மக்களின் நினைவில் புவியியல் எவ்வாறு பதிந்துள்ளது என்பதற்கு இப்பெயர்கள் சான்று.

நம் முதியோரிடமும் இத்தகைய நினைவுகள் உண்டு. பிள்ளைகள் அவர்களை நாடிச் சென்று ஐந்து கேள்விகள் கேட்கலாம். எந்த ஆண்டு வெள்ளம் வந்தது? மழை எத்தனை நாள் பெய்தது? நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? உங்கள் உடம்பில் எதுவரை ஏறியது? நீங்கள் எங்கே ஒதுங்கினீர்கள்? ஆண்டு நினைவில்லையெனில் "மூத்த மகன் பிறந்த வருடமா? மகளின் கல்யாணத்திற்கு முன்பா?" என்று கேட்டால் விடை வந்துவிடும். பிறகு அதே வெள்ளத்தைப் பற்றி மற்றொருவரிடம் கேட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். நூலகத்தில் பழைய செய்தித்தாள் கிடைத்தால் அதனோடும் ஒப்பிடலாம். ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்காமல் சரிபார்க்கும் பழக்கம் கல்வியின் அடிப்படையாகும்.

பின்னர், நீர் ஏறிய உயரத்தைக் கட்டடத் தூணில் கோடாக வரைந்து, ஆண்டை எழுதி வைக்கலாம். உரிமையாளரின் அனுமதி பெற்றே இதைச் செய்தல் வேண்டும். அக்கோட்டைப் பார்த்து வளரும் குழந்தைக்கு வேறு பாடம் தேவையில்லை.

மூன்றாம் பணி: மழையும் மண்ணும்

நேரான பக்கங்களுடைய பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக வைத்தால் மழைமானி தயார். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால், சிறிது நீர் ஊற்றி அம்மட்டத்தைச் சுழியாகக் கொண்டு, மேலே மில்லிமீட்டர் கோடுகள் இட வேண்டும். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் அதை நிறுத்தி, நாள்தோறும் காலை 8 மணிக்கு அளவைக் குறித்து, மீண்டும் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். தோட்டங்கள் மழையை அளந்து எழுதிவைப்பது நெடுநாளைய வழக்கம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைமானி நிலையங்கள் பலவற்றுக்குத் தோட்டங்களின் பெயர்களே உள்ளன. ஆகவே பிள்ளைகள் செய்யும் இவ்வேலை நமக்குப் புதியதன்று.

இனி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீராகும். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் 4 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. 200 லிட்டர் கொள்ளும் எண்ணெய் டிரம்மில் பிடித்தால் 2,000 டிரம்களுக்கு மேல் வேண்டும்! அத்தனை நீரும் ஒரு சிறு மதகின் வழியே வெளியேற வேண்டுமாயின் என்ன ஆகும் என்று பிள்ளைகளையே சிந்திக்கச் செய்யலாம். அந்த மதகில் குப்பை அடைத்திருந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

அடுத்து ஒரு சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில் ஒரே இடத்து மண்ணை நிரப்ப வேண்டும். ஒன்றில் புல்லை வேரோடு பதித்து வளரவிட வேண்டும். மற்றது வெறும் மண்ணாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே சாய்வில் நிறுத்தி, பூவாளியால் இரண்டிரண்டு லிட்டர் நீரைத் தெளித்து, வழியும் நீரைக் கண்ணாடிப் போத்தல்களில் பிடிக்க வேண்டும். எதில் நீர் முதலில் வழிந்தது? எதில் நீர் அதிகம் கலங்கியது? வெறும் மண்ணிலிருந்து வரும் கலங்கலைக் கண்டால், சிவப்பு வெள்ளம் என்ற பெயரின் பொருள் விளங்கும்.

மலைச்சரிவில் ரப்பர் பயிரிடும்போது சரிவைக் குறுக்காக வெட்டிப் படிமேடை அமைப்பதும், மரங்களுக்கிடையே கொடிகளைப் பரவவிட்டு மண்ணை மூடுவதும், வண்டலைத் தடுக்கக் குழி தோண்டுவதும் தொழிலாளர்கள் செய்துவந்த வேலைகள். மழையின் வேகத்தைத் தணித்து மண்ணைக் காப்பதே அவற்றின் நோக்கம். இச்சோதனையைச் செய்யும் பிள்ளை, பெற்றோரின் உழைப்பில் இருந்த அறிவியலையும் அறிந்துகொள்ளும்.

நான்காம் பணி: முதல் இரண்டு மணி நேரம்

இது ஒரு நாடகம். இரவு 2 மணி, மழை ஓயவில்லை, ஆற்று நீர் பாலத்தைத் தொட்டுவிட்டது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஊர் என்ன செய்ய வேண்டும்? ஒரு பிள்ளை தோட்ட நிர்வாகி, ஒன்று மருத்துவ உதவியாளர், ஒன்று கைக்குழந்தையுடைய தாய், ஒன்று நடக்க இயலாத பாட்டி, ஒன்று வீட்டைவிட்டு வர மறுக்கும் தாத்தா. வசனத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். நடித்து முடிந்ததும் பார்த்தவர்கள் குறைகளைக் கூறலாம்: பாட்டியை யார் தூக்கினார்கள்? மின்விசையை யார் அடைத்தார்கள்? 999 எண்ணை அழைத்தவர் இடத்தைச் சரியாகச் சொன்னாரா?

இந்நாடகத்திற்காகப் பிள்ளைகள் சில உண்மைகளைத் திரட்டியாக வேண்டும். வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று நீரின் மட்டத்தை 'நோர்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா' என நான்கு நிலைகளாக அறிவிக்கிறது. வானிலை இலாகாவும் தொடர்மழைக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. எந்த நிலையில் பொருள்களைக் கட்டுவது, எந்த நிலையில் வீட்டைவிட்டுப் புறப்படுவது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். விரைந்தோடும் நீர் அரையடி இருந்தாலும் ஆளை வீழ்த்தும். ஆதலால் ஓடும் வெள்ளத்தில் இறங்கலாகாது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருத்துவ அட்டை, மருந்து ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு ஒரே இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின் சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் பற்றக்கூடும். காலுறையும் காலணியும் அணிந்தே துப்புரவு செய்தல் வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பிள்ளை நோட்டும் பென்சிலுமாகக் கேள்வி கேட்டு வரும்போது, "போய்ப் புத்தகத்தைப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். அது படித்துக்கொண்டுதான் இருக்கிறது. "எனக்கென்ன தெரியும்? நான் படிக்காதவன்" என்றும் கூறாதீர்கள். இப்பாடத்தில் நூலாசிரியருக்குத் தெரியாத செய்திகள் உங்களிடம் உள்ளன. உங்கள் மதகின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இரண்டாவதாக, மழை நாளில் ஆற்றோரத்திற்கோ சரிவுக்கோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பாடத்திற்காக உயிரைப் பணயம் வைக்கும் தேவை இல்லை. நடைப்பயணத்திற்கு ஒரு பெரியவர் உடன் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவதாக, பிள்ளைகள் கண்டறிந்ததைச் செயலாக்க உதவுங்கள். அடைபட்ட மதகைக் குழு சுட்டிக்காட்டினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டுப்பணியாக அதைத் துப்புரவு செய்யலாம். பெரிய வேலையாயின் நிர்வாகத்திற்கோ மாவட்ட அலுவலகத்திற்கோ கடிதம் எழுதலாம். தங்கள் வரைபடத்தால் ஒரு கால்வாய் சீரானதைக் கண்ட பிள்ளைக்குக் கல்வியின்மீது ஏற்படும் பற்று பெரிது.

காலம் தாழ்த்தலாகாது

இப்பணியை இப்போதே தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன; பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்துள்ளன. முன்பு சதுப்பாக நீர் நின்ற நிலம் எது என்பதை அங்கே பால் வெட்டியவர் அறிவார். மண் கொட்டி உயர்த்திய பின் அங்கே வீடு வாங்குபவர் அறியார். ஆனால் மழைக்குப் பழைய வழி மறப்பதில்லை. முதியவர் ஒருவர் மறையும்போது, எழுதிவைக்கப்படாத அவ்வூரின் வெள்ள வரலாறும் அவரோடு மறைகிறது.

அந்த வரலாற்றை எழுதிவைக்க ஐந்து பிள்ளைகள், ஒரு நோட்டு, சில வண்ணப் பென்சில்கள், ஒரு போத்தல் ஆகியவை போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் பிள்ளையின் புவியியல் ஆசிரியரைச் சந்தித்து இந்நான்கு பணிகளைப் பற்றிப் பேசுங்கள். பள்ளியில் இயலாதெனில், மாலையில் கோவில் மண்டபத்தில் நீங்களே முதற்பணியைத் தொடங்கலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அணை போட இயலாத இடத்தில், நீர் எதுவரை ஏறும், எந்த வழியே மேட்டுக்குச் செல்லலாம் என்பதையாவது பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.